ஒன்று தள்ளி

பத்து மணிக்கு மின்சாரம் போகும் என்றது அட்டவணை.
ஒன்பது ஐம்பத்தெட்டுக்கே போய்விட்டது.
அம்பிலோ சாலை நெடுக ஜெனரேட்டர்கள் இருமத் தொடங்கின.
மடிக்கணினியில் நாற்பது சதவீதம் உயிர்.
அந்த வெளிச்சத்தில்தான் வாசித்தேன்:

"உங்கள் நிரல் ஒன்று தள்ளி எண்ணுகிறது.
முந்நூற்றுப் பன்னிரண்டாம் வரி."

எழுதியவருக்குப் பெயரில்லை.
முகம் இருக்கவேண்டிய வட்டத்தில் ஒரு பச்சோந்தி.
வணக்கம் இல்லை, இப்படிக்கு இல்லை.
கீழே திருத்தம் மட்டும்,
ஒரு வரி சிவப்பில் அடித்து, ஒரு வரி பச்சையில் சேர்த்து.

காசநோய்க் கிருமிக்கு நாற்பத்து நான்கு லட்சம் எழுத்துகள்.
ஒரு கோப்பு அவற்றைப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும்,
இன்னொன்று ஒன்றிலிருந்து.
இரண்டும் சரி.
இரண்டையும் சேர்த்துவைக்கிறவள்தான் பார்த்துச் சேர்க்க வேண்டும்.
சேர்த்துவைத்தவள் நான்,
இரண்டு வருடம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை,
விமானத்துக்கு நேரமாகிவிட்டிருந்தது.

டர்பனுக்கு வந்த புதிதில்
"நாலாவது நிறுத்தம்" என்று வழி சொன்னார்கள்.
ஏறிய இடத்தையும் சேர்த்தா என்று கேட்கத் தோன்றவில்லை.
மழையில் ஒரு நிறுத்தம் பின்னால் நடந்தேன்.
அது செருப்போடு போயிற்று.

இது அப்படியில்லை.
மருந்துக்குக் கிருமி அடங்குமா என்று சொல்லும் பகுதிகள் ஒவ்வொன்றிலும்
முதல் எழுத்தை வாசலிலேயே விட்டுவிட்டு
உள்ளே போய் நலம் விசாரித்திருக்கிறது என் நிரல்.
"அடங்கும்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறது.

மின்சாரம் வந்ததும்
நானும் லிண்டானியும் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினோம்.
இரண்டாயிரத்து நூற்று நாற்பது மாதிரிகள்.
விடியும்போது ஏழு மாறியிருந்தன.

ஏழு.
எங்களிடம் அவை வெறும் எண்கள்,
பெயர்கள் மருத்துவமனையில்.
சிஸ்டர் தோபேகா போன் போட்டாள்.
நாலு பேர் எடுத்தார்கள்.
ஒருவர் ஈஸ்ட் லண்டனுக்கு வேலை தேடிப் போனதாக
அவர் தங்கை சொன்னாள்.
இரண்டு எண்கள் உபயோகத்தில் இல்லை.

"திருத்து" என்றார் டாக்டர் பிரெட்டோரியஸ்.
"சத்தமில்லாமல் திருத்து.
வியாழக்கிழமை நிதிக்குழு வருகிறது."
கெட்ட மனிதர் இல்லை. போன வருடம்
என் சம்பளத்துக்காக மூன்று கதவு தட்டியவர்.

அன்று மாலை டாக்ஸியில்
பின்வரிசைக் காசு தோள் தோளாக முன்னே போயிற்று.
ஓட்டுநர் பக்கத்தில் உட்கார நேர்ந்தவன்,
பள்ளிச் சீருடைப் பையன்,
மடியில் கொட்டிக் கணக்குப் பார்த்தான்.
"பதினைந்து ரேண்ட் குறையுது!"
யாரும் யாரையும் முறைக்கவில்லை.
வண்டி முழுக்கத் தன் சில்லறையைத் தானே எண்ணிப் பார்த்தது.
கடைசி வரிசையில் ஒரு பெண், முட்டைக்கோஸ் மூட்டைக்குப் பின்னால்,
"ஐயோ, என்னுடையது" என்று நீட்டினாள்.

அந்தப் பையன் கிசுகிசுத்திருந்தால்
பின்வரிசைக்குக் கேட்டிருக்குமா?

என் நிரலை இறக்கி வைத்திருக்கிறவர்கள்
லூசாக்காவில் உண்டு, மபூட்டோவில் உண்டு,
எந்த ஊர் என்றே தெரியாத முப்பத்தொரு இடங்களில் உண்டு.
அவர்களுடைய ஏழு எது என்று
எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் இன்னும் தெரியாது.

புதன் இரவு எழுதினேன், பதிப்புக் குறிப்பின் முதல் வரியாக:
இதற்கு முந்தைய முடிவுகள் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுங்கள்.
பிழை என்னுடையது. இன்ன தேதியில் செய்தேன்.
எங்களிடம் ஏழு மாறின.
வருந்துகிறேன்.
கீழே முழுப்பெயர் போட்டேன், அப்பா பெயரோடு.
பொத்தானை அழுத்தியபோது விரல் குளிர்ந்திருந்தது.
வியாழக்கிழமை இன்னும் வரவில்லை.

பன்னிரண்டரைக்குப் பச்சோந்தி வந்தது.
பாராட்டு இல்லை, ஆறுதல் இல்லை.
ஒரு திருத்தம்:
ஆங்கிலத்தில் 'ஸாரி'க்கு இரண்டு 'ஆர்' வேண்டும்,
நான் ஒன்றுதான் போட்டிருந்தேன்.

லிண்டானி மேசையில் தலை கவிழ்த்துச் சிரித்தான்.
பேட்டரி பதினோரு சதவீதம்.
சேர்த்துக்கொண்டேன்.